காப்பு கட்டிய வாரம்

அண்ணனூர் துலுக்கானத்துக்கு ஊரில் வேறு எவனுக்கும் வாய்க்காத உத்தியோகம். வெள்ளைக்காரன் ஆண்ட அந்த நாளில், பட்டணத்தில் ஓர் அயல்நாட்டுத் தூதரின் பங்களாவில் வாயில் காவல். சேற்றில் குனிந்தே பிழைத்த குடும்பத்தில் காக்கிச் சட்டை போட்ட முதல் ஆள். கொஞ்சம் மிதப்பாகத்தான் நடப்பான். அதையும் சொல்லத்தான் வேண்டும், அவன் ஒன்றும் மகான் இல்லை.

அந்த ஆடியில் பொன்னியம்மனுக்குத் தீ மிதிப்பதாக வேண்டிக்கொண்டிருந்தான். கையில் காப்பு ஏறிவிட்டால் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. லீவு கேட்டால் வேலையே போய்விடும். வேற்றூர்க்காரனுக்கு இந்தக் கட்டு கிடையாதே என்று, குத்தம்பாக்கத்தில் இருந்த தங்கை புருஷன் சின்னசாமியைப் போய்ப் பிடித்தான்.

"ஒரு வாரம்தான் மச்சான். கேட்டாண்ட குந்திகினு, வர்ற வண்டிக்கு சலாம் போட்டா போதும்."

சின்னசாமிக்கு மனசே இல்லை. தங்கை அங்கம்மாதான், "அண்ணன் கேக்குது, போய்ட்டு வாயேன்" என்று அனுப்பிவைத்தாள்.

அந்த வாரம் முடிவதற்குள், விளக்கு வைக்கும் நேரத்தில், விடுதலை கேட்ட ஒரு ரகசியப் புரட்சிக் கூட்டம் அந்தப் பங்களாவின்மேல் குண்டு வீசியது. தங்கள் குரல் உலகத்தின் காதில் விழ வேண்டுமாம். தூதர் அன்று ஊரிலேயே இல்லை. செத்தது சின்னசாமி மட்டும்தான். உலகத்தின் காதில் அவன் பெயர்கூட விழவில்லை.

போலீஸ் அண்ணனூருக்கு வந்தது. "குண்டு உழும்னு தெரிஞ்சிதானே நவுந்துகினே?" என்றார் ஏட்டு. துலுக்கானம் காப்பைக் காட்டினான். அதை அறுத்துப் போட்டுவிட்டு, ஸ்டேஷனுக்கு இழுத்துப்போய் அடித்தார்கள். ஊர் மணியக்காரர் போய்ச் சாட்சி சொன்ன பிறகு, ஐப்பசியில்தான் விட்டார்கள்.

வெளியே வந்தால் அது வேறு கொடுமை. 'குண்டு போட்டவங்களுக்கு உள்ளாளே அவன்தான்' என்று பூந்தமல்லிச் சந்தையில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். கதர்க்காரர் ஒருவர் மாலையோடு வீடு தேடி வந்தார். துலுக்கானத்துக்கு உடம்பெல்லாம் கூசியது. யார் என்ன நினைத்தால் என்ன, அங்கம்மா ஒருத்தி தன்னை நம்பினால் போதும் என்று கிடந்தான்.

குத்தம்பாக்கத்துக்கு நடந்தே போனான். அவள் கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆத்தா மேல சத்தியமா எனக்கு ஒண்ணும் தெரியாது அங்கம்மா."

"தெரியும்ணா. நீ அப்பிடி செய்ற ஆளு இல்ல."

அவனுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. அவள் கையிலிருந்த களையை வரப்பில் போட்டாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"நீ தெரிஞ்சே அனுப்பியிருந்தாகூட, அது உசுரு நாட்டுக்காவ போச்சுன்னு புள்ளைங்களாண்ட சொல்லிக்குவேன். இப்போ நான் இன்னான்னு சொல்றது? நீயே சொல்லு."

துலுக்கானம் வரப்பிலேயே நின்றான். அவள் குனிந்து அடுத்த பாத்திக்குப் போய்விட்டாள்.