மகாதேவி வீட்டுச் சுடுதண்ணி

பஞ்சலிங்கத்தார் சுடுதண்ணியில் குளிக்கிறவர் என்பது சண்டிலிப்பாய் முழுக்கத் தெரியும். அந்தத் தண்ணி எப்படி வருகிறது என்பது அவருடைய மனைவி மகாதேவிக்கு மட்டும்தான் தெரியும்.

மலைநாட்டில் பண்டாரவளைப் பக்கம் ஸ்டேசன் மாஸ்டராக இருந்து குளிருக்குப் பழகிப்போன உடம்பு அவருக்கு. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் அவர்களுடைய வாடகை வீட்டுக்குள் புகுந்தவர்கள் கையில் அகப்பட்டதையெல்லாம் தூக்கிக்கொண்டு போனார்கள். குளிப்பறைச் சுவரில் இருந்த, கரண்டில் தண்ணி சூடாக்குகிற செப்புப் பொயிலரைக் கழற்ற மட்டும் அவர்களுக்குப் பொறுமை இருக்கவில்லை. மகாதேவியின் தையல் மெசின் போனது, கூறைச்சேலை போனது, பொயிலர் மிஞ்சியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஊருக்கு வந்தபோது பஞ்சலிங்கத்தார் அதைச் சாமான் ரயிலில் ஏற்றிக் கொண்டுவந்து, கோழி கூட நிழல் தேடுகிற ஊரில், தன் குளிப்பறைச் சுவரில் பூட்டுவித்தார். பார்க்க வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவர் அதைப் பொறாமை என்று எடுத்துக்கொண்டார்.

அந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. கரண்ட் சாமான்களில் பெண்கள் கை வைக்கக்கூடாது. சட்டத்தைச் சொல்லிவிட்டுப் பஞ்சலிங்கத்தார் சாய்மனைக் கதிரையில் படுத்துவிடுவார். எண்பத்தாறில் கரண்ட் வருவதும் போவதும் அதன் விருப்பம். வருகிற நேரத்தில் ஓடிப்போய்க் கிணற்று மோட்டரைப் போடாவிட்டால் மேல் தண்ணித் தாங்கி வெறுமையாகிவிடும். தாங்கி காய்ந்தால் பொயிலரும் இல்லை, அவருடைய குளிப்பும் இல்லை. சட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் வீடு நடக்குமா? மோட்டரைப் போடுவது, நிற்பாட்டுவது எல்லாம் மகாதேவிதான். தாங்கி தன்பாட்டில் நிரம்புகிறது என்றுதான் அந்த மனிதர் கடைசிவரை நினைத்துக்கொண்டிருந்தார்.

கரண்ட் வந்ததை அறிய ஊரிலுள்ள எல்லோருக்கும் ஒரே வழிதான். கரண்ட் போனதும் சுவிச்சுகளைப் போட்டபடியே விட்டுவிடுவார்கள், எங்காவது ஒரு விளக்கு எரிந்தால் ஓடுவார்கள். மகாதேவிக்கு அந்த விளக்கு பொயிலரின் சுவிச்சில் இருந்தது. குளிப்பறைக்கு வெளியே நடைச் சுவரில் இருந்த சுவிச்சு அது, அதில் மஞ்சாடி விதை அளவில் ஒரு சிவப்பு விளக்கு. குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாலும் கண்ணில் படும்.

மார்கழி, தை மாதங்களில் மகாதேவியின் விரல் மூட்டுகள் வீங்கிவிடும். பச்சைத்தண்ணியில் சட்டி பானை கழுவும்போது உயிர் போய்வரும். குசினிக்கும் ஒரு சுடுதண்ணிப் பைப் இழுத்துத் தாருங்கோ என்று அவள் கேட்டுக்கேட்டு அலுத்துப்போனாள். கடைசியில் ஒருநாள் அவருடைய சாப்பாட்டுக் கோப்பையே அவள் கைநழுவி விழுந்து உடைந்தது. அப்போதுதான் அவருக்கு அவளுடைய வருத்தம் விளங்கியது.

குருநகரிலிருந்து யாகோப்பு வந்தான். பைப் வேலையில் கெட்டிக்காரன்தான், ஆனால் பஞ்சலிங்கத்தார் அவனைச் சும்மா விடவில்லை. ரயிலை அனுப்புகிற மாதிரி ஒவ்வொன்றாகக் கட்டளை போட்டார்.

"முதல்லை சுவிச்சை நிற்பாட்ட வேணும்."

"ஐயா, கரண்ட் நேற்றைக்கே போயிட்டுது."

"கரண்ட் இல்லாட்டிலும் நிற்பாட்ட வேணும். அதுதான் முறை." யாகோப்பைக் குளிப்பறையில் விட்டுவிட்டு, தானே நடைக்குப் போய்ச் சுவிச்சை நிற்பாட்டினார். பிறகு பொயிலரைத் தொட்டுப் பார்த்தார், சூடு முழுக்க ஆறியிருந்தது. தாங்கியிலிருந்து வருகிற பச்சைத்தண்ணிப் பைப்பை அடைப்பித்தார். குளிப்பறைச் சுடுதண்ணிப் பைப்பைத் திறந்துவிட்டார். "காற்று உள்ளுக்குப் போனால்தான் தண்ணி வெளியிலை வரும். போகாட்டிச் செப்பு உள்வாங்கி நெளிஞ்சுபோம், விளங்குதே?" என்று யாகோப்புக்குப் பாடம் எடுத்தார். பிறகு அடியிலிருந்த வாய்க்கு ரப்பர்க் குழாயை மாட்டி, பொயிலரிலிருந்த தண்ணி முழுவதையும் வாழைப்பாத்திக்கு விட்டார்கள். ஒரு சொட்டு சீமெந்தில் சிந்தவில்லை. ஒரு பிழையும் சொல்ல முடியாது. பஞ்சலிங்கத்தார் திருப்தியோடு போய்ச் சாய்ந்தார்.

யாகோப்பு குசினிச் சுவரைத் துளைக்கத் தொடங்கினான். மகாதேவி நடையால் போனபோது சுவிச்சு நிற்பாட்டியிருப்பதைக் கண்டாள். இவர் கை தவறித் தட்டிவிட்டார் போல, இனி கரண்ட் வந்தால் யாருக்குத் தெரியும் என்று நினைத்தாள். போட்டுவிட்டுப் போனாள். தண்ணி வாழைக்குப் போனதை அவளும்தான் பார்த்தாள். ஆனால் அவளுக்கு அது பொயிலரின் சுவிச்சு இல்லை, கரண்டின் மணி.

மத்தியானம் சிவப்பு விளக்கு எரிந்தது. யாகோப்பும் கண்டான், அவனுக்கும் அது கரண்ட் வந்த அடையாளம் மட்டும்தான். "அக்கா, கரண்ட் வந்திட்டுது!" என்று சந்தோசமாய்க் கத்தினான். மகாதேவி மோட்டரைப் போட ஓடினாள். தாங்கி நிரம்ப நிரம்ப அவள் மனமும் நிரம்பியது. அந்த நேரம் முழுவதும் வெறும் பொயிலர் உள்ளே கிடந்து காய்ந்தது.

புகை மணத்துக்குப் பஞ்சலிங்கத்தார் எழும்பிவந்தார். சுவிச்சை நிற்பாட்டினார். பொயிலரின் பொருத்துகள் உருகி விட்டிருந்தன, உள்ளே சூடாக்குகிற கம்பி கருகிப்போயிருந்தது. அந்தச் சாதிச் சாமான் இப்போது கொழும்பில் கூடக் கிடையாது என்று யாகோப்பு சொன்னான். வேலைக்காலம் முழுவதும் ஒரு சிக்னல் பிழைவிடாத மனிதர் சுவிச்சைப் பார்த்தபடியே நின்றார்.

"நான் நிற்பாட்டேல்லையே?" என்றார். மகாதேவி கிட்டப் போனாள்.

"நீங்கள் நிற்பாட்டினனீங்கள். நான்தான் திரும்பப் போட்டனான்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "மகாதேவி, எனக்காண்டிப் பொய் சொல்லாதையும். நீர் ஒருநாளும் சுவிச்சிலை கை வைச்சதில்லை எண்டு எனக்குத் தெரியாதே?"

"ஐயோ, ஒவ்வொரு நாளும் நான்தானப்பா மோட்டர் போடுறனான்!"

"காணும், விடும்" என்றார் அவர்.

அவள் யாகோப்பிடம் சொன்னாள். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "விளங்குது அக்கா" என்றான். பக்கத்து வீட்டுப் பத்மாசினியிடம் சொன்னாள். பத்மாசினி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "மனுசன் விட்ட பிழையைத் தன்ரை தலையிலை போடுறதுக்கும் ஒரு மனம் வேணுமக்கா" என்றாள். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலடியில் பெண்கள் அவளை ஒரு மரியாதையோடு பார்த்தார்கள். உண்மையைச் சொல்லச் சொல்ல அவள் ஊரில் பத்தினியாகிக்கொண்டே போனாள். இப்படியும் ஒரு கொடுமை உண்டா!

யாகோப்பு பேசினபடி குசினிப் பைப்பைப் பொருத்திவிட்டுத்தான் போனான். பளபளவென்று நல்ல பைப். திறந்தால் காற்றுக்கூட வராது.

பொயிலர் எரிந்த மறுநாள் விடிய மகாதேவி எழும்பியபோது குசினிக்குள் ஒரே புகை. கள்ளனோ என்று பயந்து எட்டிப் பார்த்தாள். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பஞ்சலிங்கத்தார் அடுப்படியில் குந்தியிருந்தார். ஈரத் தேங்காய்ப் பொச்சுமட்டையை வைத்து ஊதி ஊதிக் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அடுப்பில் தண்ணி கொதித்தது. கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் அந்தப் பக்கம் வந்ததில்லை.

"உம்மடை பைப்பை நான்தானே கெடுத்தனான்" என்றார். வாளியில் விளாவி, சட்டி கழுவுகிற இடத்தில் கொண்டுவந்து வைத்தார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு விடியலும் அப்படித்தான். மட்டை காயப்போடவும் பழகினார். அவர் கிணற்றடியில் பச்சைத்தண்ணியில் குளிக்கத் தொடங்கினார், தடிமன் கூடப் பிடிக்கவில்லை. மகாதேவி சில நாள் இருந்திருந்து மறுபடி சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. பிறகு தொண்ணூறில் சண்டை மூண்டு யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதற்கும் கரண்ட் ஒரேயடியாக நின்றது. சுவிச்சுகளைப் போட்டபடி விட்டுச் சனம் வருசக்கணக்காய்ப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தத் தொண்ணூறாம் ஆண்டு மார்கழியில் ஒருநாள் விடிய, அவர் வாளியோடு வரும்போது இருமினார். எவ்வளவு மெலிந்துவிட்டார் என்று அப்போதுதான் அவள் கண்டாள். பாவமாயிருந்தது. இன்றைக்கு எப்படியும் நம்பவைக்க வேண்டும் என்று தீர்மானித்தாள்.

"இஞ்சேருங்கோ, அந்தச் சுவிச்சு…" என்று தொடங்கினாள்.

அவர் தண்ணியைச் சட்டிக்குள் ஊற்றினார். வீங்கிய விரல்களை அவள் அதற்குள் வைத்தாள். வலி மெல்ல மெல்ல இறங்கிப் போனது.

"என்ன, சுவிச்சுக்கு?" என்று அவர் கேட்டார்.

"ஒண்டுமில்லை" என்றாள் மகாதேவி. "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கோ."