டிராக்டருக்கு வைத்த கண்

ஆறாம் வகுப்போடு தோட்டத்தில் வெளிக்காட்டு வேலைக்கு இறங்கியவன் நான். இன்று கோலா சாவா பக்கம் எண்ணெய்க் குலை தரும் செம்பனை எட்டு ஏக்கர் என் பெயரில் இருக்கிறது. டிராக்டரும் சொந்தம். பின்னால் பூட்டிய இழுவைப் பெட்டி நிறையக் குலைகளோடு சேற்றில் அதைப் பின்னோக்கி எடுக்க இந்த வட்டாரத்தில் என்னை விட்டால் ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அதே டிராக்டரில் உட்கார்ந்து, இறங்கக் கால் வராமல் நான் நடுங்கிய காலையைத்தான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

என் மகள் கோலாலம்பூரில் இயந்திரங்களுக்குக் கண் வைக்கும் வேலை பார்க்கிறாள். தீப்பெட்டி அளவில் ஒரு கேமராவைக் கொண்டுவந்து பெட்டியின் பின்பக்கம் மாட்டினாள். அது கத்துவதற்கு ஒரு கருவியை என் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இது படம் எடுக்காதுப்பா. வெளிச்சம் மாறுற புள்ளி மட்டும் தகவல் குடுக்கும். வண்டி ஓடுறப்ப தரை, மரம் எல்லாம் சேர்ந்து நகரும் இல்ல? அதைத் தள்ளிட்டு, தனியா நகர்றத மட்டும் பிடிச்சுக் கத்தும். நம்ம கண்ணும் மூளையும் செய்ற வேலைதான்.”

“அந்தக் கண்ணுதான் எனக்கு ஏற்கனவே ரெண்டு இருக்கே லா,” என்றேன்.

“ஆமா, காலையில கண்ணாடியத் தேடுன கண்ணு,” என்றாள் என் மனைவி.

“ஒண்ணுப்பா, அசையாம இருக்கறத இப்போதைக்கு இது...” என்று மகள் தொடங்கியதை நான் காதில் வாங்கவில்லை. மறுநாள் அவளுடைய மேலதிகாரிகள் பார்க்க வருகிறார்கள் என்பதே என் தலையில் ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டிப் பார்த்தேன். கருவி விடாமல் கத்தியது. உதிரிப் பழம் பொறுக்கிய என் மனைவியும் இன்னும் இரண்டு பெண்களும் கையைத் தூக்கினால் கத்தல், சாக்கை உதறினால் கத்தல். பெரியவர்கள் முன்னால் இப்படிக் கத்தினால் என் மானம் என்னாவது? மகள் மடிக்கணினியோடு மர நிழலுக்குப் போன நேரம் பார்த்து மூவரையும் கூப்பிட்டேன்.

“டிராக்டர் கிட்ட வந்தா இருந்த இடத்துல அப்படியே இருங்க. அசையக் கூடாது.”

“வேலை ஏவுற மண்டோருக்குக் கொம்பு முளைச்சிருச்சு,” என்றாள் மனைவி. ஆனாலும் மூவரும் சொன்னபடி கேட்டார்கள்.

அதன்பின் கருவி வாயைத் திறக்கவில்லை. எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஏற்றிய குலைகள் பின்பக்கத்தை மறைத்தன. கொஸ்தான் கியரைப் போட்டு மெல்லப் பின்னால் விட்டேன். சத்தமில்லை. இன்னும் கொஞ்சம் விட்டேன்.

மகள் திரையிலிருந்து தலையைத் தூக்கினாள். “அப்பா, அம்மா எங்க?”

பிரேக்கை மிதித்து எஞ்சினை அணைத்தேன். இரண்டு பெண்களும் வாய்க்கால் ஓரம் உட்கார்ந்திருந்தார்கள். இவளைக் காணோம். “இந்தா!” என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. சக்கரம் எதன் மீதாவது ஏறியதா? ஏறியிருந்தாலும் இந்தச் சேற்றில் எனக்குத் தெரியுமா? இறங்க வேண்டும், கால் வரவில்லை. மகள் பின்பக்கம் ஓடினாள். அவள் அலறவில்லை என்பதைப் பிடித்துக்கொண்டுதான் நான் இறங்கினேன்.

பெட்டியின் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளிக் குந்தியிருந்தாள் என் மனைவி. கையில் பழங்கள், முகத்தில் ரத்தமே இல்லை.

“நகர்ந்திருக்கலாம் இல்லடி!”

“நீங்கதானே அசையாதன்னீங்க. அது கத்தும், நீங்க நிறுத்துவீங்கன்னு இருந்தேன். கிட்ட வந்ததும் கால் எழும்பல, கூப்பிட்டப்ப குரலும் வரல.”

மகள் கேமராவைக் காட்டினாள். “அசையாம இருந்தா ஆளையும் அது தரைன்னுதான்பா எடுத்துக்கும். அதுக்கு இன்னொரு கேமரா வருது, அதுவரைக்கும் கவனம்னு சொல்ல வந்தேன்.”

மறுநாள் வந்தவர்களிடம் நானே நடந்ததைச் சொன்னேன். கருவி அவர்கள் முன்னால் நாள் முழுக்கக் கத்தியது. கத்தட்டும் என்று விட்டேன்.

இப்போது இரண்டாவது கேமராவும் இருக்கிறது. இருந்தும் கியர் போடுமுன் நான் அவளைக் கூப்பிட்டுப் பதில் வாங்காமல் நகர்வதில்லை. சில நாள் அவள் வேண்டுமென்றே தாமதித்துத்தான் “ஓய்” என்கிறாள். திட்ட எனக்கு வாயில்லை.