கை கழுவும் இடத்துப் பாம்புப் படம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டும். அதற்குச் சுருட்டை விரியன் கடித்த வலது கை ஆள்காட்டி விரலைக் காரணம் சொல்லலாம். பிழைகளுக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஐந்தாம் வகுப்போடு நின்றது நான்தான், பாம்பு இல்லை.

நான் பந்தல் வேலைக்காரன். நாங்குநேரிப் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் டாக்டர்கள் மாநாடு நடந்தது. பந்தல், நாற்காலி எல்லாம் எங்கள் முதலாளி அண்ணாச்சியின் பொறுப்பு. டாக்டர்கள் தங்கள் ஆராய்ச்சியை ஆளுயரப் படமாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார்கள். அவற்றைத் தட்டியில் மாட்டி நிறுத்துவது என் வேலை. எழுத்தெல்லாம் இங்கிலீஷ், படத்தை வைத்துத்தான் எனக்கு விஷயம் தெரியும். ஒரு வழுக்கைத் தலை, அடுத்து ஓர் இதயம், அடுத்து முகச் சுருக்கம், மறுபடி வழுக்கை. ஏசி ஹாலில் வழுக்கைக்கு மட்டுமே ஒரு வரிசை போயிற்று. கடைசியில் ஒரு பாம்புப் படம் மிஞ்சியது. உள்ளே இடமில்லை.

"அத அங்கன கை கழுவுற இடத்துக்குப் பக்கத்துல நிறுத்துலே," என்றார் அண்ணாச்சி.

அந்தப் படத்துக்குச் சொந்தக்காரர் மேற்படிப்புப் படிக்கும் ஒரு சின்ன டாக்டரம்மா. காலையிலிருந்து அதன் பக்கத்தில் தனியாக நின்றார். ஒருவரும் வரவில்லை. நான் தண்ணீர்க் கேனோடு போகும்போதெல்லாம் அவர் சிரிப்பார், நான் தரையைப் பார்ப்பேன். பேச்சு எனக்கு வராது.

எங்கள் சமையல்காரர் அப்படியில்லை. திசையன்விளைக்காரர். கரண்டியோடு வந்து நின்றார்.

"தாயி, இது சுருட்டையில்லா? படத்துல நல்லா விழுந்திருக்கான். இவந்தான் எங்க ஆளு விரலத் தொலைச்சான்," என்று என் கையைப் பிடித்து இழுத்துக் காட்டினார்.

டாக்டரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குப் போன பிறகு என்ன ஆச்சு? அதைத்தான் நான் ஆராய்ச்சி பண்றேன். அதை யாரும் அதிகமா விசாரிக்கிறதில்லை."

"ஏன் விசாரிக்கல?" என்றார் சமையல்காரர்.

"பாம்பு கடிக்கிறது வயல்லயும் காட்டுலயும் வேலை செய்யிறவங்களை. அவங்ககிட்ட காசு இல்லை. முடி கொட்டுறவங்க மாசாமாசம் மருந்து வாங்குவாங்க. காசு வர்ற பக்கம்தான் ஆராய்ச்சியும் போகுது."

சமையல்காரர் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டார். "அப்ப என் தலைக்காக ஊர் உலகமே பாடுபடுதுன்னு சொல்லு. ஒத்த முடி முளைக்கலியே!"

டாக்டரம்மா சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி விஷயத்தைச் சொன்னார். கடிபட்டவர்கள் வீட்டுக்குப் போனால் திரும்பி வருவதில்லை. ஆளே இல்லாமல் என்ன ஆராய்ச்சி, இதை விட்டுவிட்டு முடி விஷயத்துக்கு வந்துவிடு என்கிறாராம் அவருக்கு வழிகாட்டும் பெரிய டாக்டர். சாப்பாடு முடிந்ததும் வந்து முடிவு சொல்வாராம்.

சமையல்காரர் அடுப்படியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏலே, பாம்பு கடிச்சவன்லாம் இங்கன வாங்கலே!"

காய் நறுக்குகிற அக்கா வந்தார், இலை எடுக்கிறவர் வந்தார், வாட்ச்மேன் வந்தார், எங்கள் பந்தல் ஆட்களிலும் சிலர் வந்தார்கள். இத்தனை நாள் சேர்ந்து வேலை பார்த்தும் ஒருவரை மற்றவர் இதைப் பற்றிக் கேட்டதில்லை. உவரியிலிருந்து சீலா மீன் கொண்டுவந்தவர் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கேட்டார்.

"என்னைக் கடிச்சது கடல் பாம்பு. அதுக்கு என்ன மருந்து?"

"அதுக்கு நம்ம நாட்டுல மருந்தே கிடையாதுங்க."

"அப்ப எனக்கு எங்க ஊரு கோயில் அந்தோணியார்தான் டாக்டரா?"

"அவரு எந்த மாநாட்டுக்கும் போக மாட்டாரு வே. நீரு போனவுடனே பாப்பாரு," என்றார் சமையல்காரர்.

பந்தி முடிந்து டாக்டர்கள் கை கழுவ வந்தால் குழாயை நெருங்க முடியவில்லை. ஒருவர் கட்டியிருந்த சாரத்தை முழங்காலுக்கு மேல் தூக்கித் தழும்பைக் காட்டிக்கொண்டிருந்தார். எச்சில் கையோடு பெரிய டாக்டரும் வந்தார்.

"என்னம்மா கூட்டம்?"

"எல்லாரும் கடிபட்டவங்க சார்."

அவர் கை கழுவுவதையே மறந்து நின்றார். காய் நறுக்குகிற அக்கா, மழைக்காலம் வந்தால் இன்றும் பாதம் வீங்குகிறது என்றார்.

"அப்புறம் ஏம்மா ஆஸ்பத்திரிக்கு வரலை?"

"வந்தா அன்னைக்குக் கூலிய யாரு தருவா ஐயா?"

பெரிய டாக்டர் எங்களை ஒவ்வொருவராக எண்ணினார். "சரி, ஆள் இருக்கு. யாராவது ஒருத்தர் முதல்ல முழுசாச் சொல்லட்டும். பிறகு இதை விடுறதா வேண்டாமான்னு பாப்போம்," என்றார்.

எல்லாரும் என் விரலைப் பார்த்தார்கள். குழாயடி வாய்க்காலில் ஓடும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, "எழுதித் தாரேன்," என்றேன்.

கொல்லென்று சிரித்தார்கள். "ஏலே, நீ சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடவே கால் நாள் ஆகுமே!" என்றார் அண்ணாச்சி.

பெரிய டாக்டரும் சிரித்தார். ஆனால், "எழுதட்டும். அதுவரைக்கும் நீ இதையே பாரும்மா," என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து டாக்டரம்மா ஸ்கூட்டரில் பந்தல் போடும் இடங்களுக்கே வருகிறார். மற்றவர்கள் எல்லாரும் சொல்லி முடித்துவிட்டார்கள். நான்தான் பாக்கி. "எழுதியாச்சா அண்ணே?" என்பார். "பைய எழுதுதேன்," என்பேன். என்ன எழுதுவது என்றும் ஒருநாள் கேட்டேன். சின்ன விஷயமானாலும் எழுதச் சொன்னார்.

ஆகவே எழுதுகிறேன். பந்தல் துணிக்கட்டுக்குள் கையை விட்டபோது கடித்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் உடம்பு தூக்கிப் போட்டது, பிறகு பிழைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகு விரல் மடங்கவில்லை. கயிற்று முடிச்சைப் பல்லால் இழுக்கிறேன். அணில் மாதிரி இருக்கிறதாம், என் வீட்டுக்காரி சொல்கிறாள். எந்தத் துணிக்கட்டைப் பிரித்தாலும் முதலில் கம்பால் தட்டி, "வெளிய போயிரு வே," என்று சொல்லிவிட்டுத்தான் தொடுகிறேன். வீட்டில் பாயை விரிக்கும்போதும் அப்படித்தான். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

நாளைக்கு டாக்டரம்மா வருவார். இதை அவர் கையில் கொடுத்துவிடுவேன்.

ஐப்பசி பதினெட்டு, செவ்வாய்க்கிழமை. மழை, பந்தல் வேலை இல்லை.