கம்பி குத்தின தயிர்

உன்னிச்சைக் கண்ணகையின் தயிர்ச் சட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பிடித்தபடி ஒருத்தி நாவற்குடாவிலிருந்து கல்லடிப் பாலம் வரைக்கும் நடந்து போனாள். ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. சரி, கல்லடிப் பாலம் என்றது கொஞ்சம் கூடிப்போச்சு. அடுத்த வீட்டு வேலிக் கடப்படி வரைக்கும்தான் நடந்தாள். அதிலும் சட்டிக்குக் கீழே ஒரு கையை ஏந்திக்கொண்டுதான் நடந்தாள். என்றாலும் கவிழ்த்தது கவிழ்த்ததுதான், விழாதது விழாததுதான். அதைக் குறைத்துச் சொன்னால் கண்ணகைக்குக் கோபம் வரும்.

கண்ணகைக்கு அப்போது நாற்பதும் சில்லறையும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், உன்னிச்சைக் குளத்துப் பக்கம் அவளுடைய புருசன் வினாயகமூர்த்தி எருமைப்பட்டி வைத்திருந்தான். பால் கறப்பது அவன் பாடு. உறைய வைப்பதும் சுமப்பதும் விற்பதும் இவள் பாடு. விடியமுன்னே உழவு மெசின் பெட்டியிலோ, வந்தால் பஸ்ஸிலோ ஏறி, வாவிப் பாலத்தைக் கடந்து, பட்டினத்தைத் தாண்டி, நாவற்குடா ஒழுங்கைகளுக்குத் தலையில் ஓலைக் கடகத்தோடு வந்து சேருவாள். மற்ற வியாபாரிகளைப் போல “தயிர், தயிர்” என்று கத்துகிற வழக்கம் அவளிடம் இல்லை. கடப்படியில் நின்று, “இண்டைக்கு வாங்கல்லயெண்டா நாளைக்குத்தான் கவலைப்படுவீங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடக்கத் தொடங்குவாள். வீட்டுக்காரி பின்னால் ஓடி வரவேண்டும். வந்தார்கள்.

சண்டை மூண்டு, பட்டினம் ஒரு பக்கத்தார் கையிலும் படுவான்கரை மறுபக்கத்தார் கையிலுமாகப் பிரிந்த பிறகு, வாவிப் பாலத்தடியில் ஆமிக்காரரின் சோதனைச் சென்றி வந்தது. சைக்கிளின் குழாய்க்குள் பார்த்தார்கள், அரிசி மூட்டைக்குள் கை விட்டார்கள். தயிருக்குள் கை விடமுடியாதே! சைக்கிள் சில்லுக் கம்பி ஒன்றைக் கூராக்கி வைத்திருந்தார்கள். சட்டியை மூடிக் கட்டியிருக்கும் கடதாசியை விலக்கி, நடுவில் ஒரு குத்து. அடியில் இரும்பு ஏதும் தட்டுப்படாவிட்டால், போகலாம்.

முதல் நாள் அந்தக் குத்துப்பட்ட சட்டிகளோடு பீற்றிஸ் வீட்டுக்குத்தான் கண்ணகை போனாள். பீற்றிஸ் தையல்காரி. நாவற்குடாவில் பாதிப் பெண்களுக்குச் சட்டை தைத்தது அவள் கைதான். அளவு கொடுக்க வருகிறவள் அங்கே ஒரு மணித்தியாலம் இருந்து ஊர்க்கதை முழுவதையும் வாங்கிக்கொண்டு போவாள். அதனால் பீற்றிஸ் எதை வாங்கிச் சமைக்கிறாளோ அதுதான் அந்த ஒழுங்கைகளின் சமையல்.

பீற்றிஸ் கடதாசியைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கினாள்.

“இதென்னகா, தயிருக்குக் கண் வெச்சிரிக்கு?”

“ஆமி குத்தின, பீற்றிசக்கா.”

“சீ! எதுக்கெல்லாம் குத்தின கம்பியோ. எனக்கு வேணாம், கொண்டு போ.”

கடகத்தில் இருந்த சட்டி எல்லாவற்றிலும் கண். இங்கே வேண்டாம் என்றால் ஒழுங்கை முழுவதும் வேண்டாம். கண்ணகை கடகத்தை இறக்கி வைத்து, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அந்தத் துடைப்புக்குள்ளேயே அவளுக்குக் கதை வந்துவிட்டது.

“நல்லாப் பாருங்கக்கா. ஆமி எங்க குத்துறான்? பாலத்தடியில. அப்ப இது பாலத்தத் தாண்டி வந்த தயிர். பட்டினத்துக்குள்ள பால்மாவக் கரைச்சு உறைய வைக்கிறானுகளே, அந்தத் தயிருக்கு இப்பிடிக் கண் இரிக்குமா? எருமைப் பாலெண்டு எல்லாரும் வாயாலதான் சொல்லுவாங்க. எனக்கு அரசாங்கமே முத்திரை குத்தி அனுப்புது.”

பீற்றிஸ் அந்தக் கண்ணை இன்னொரு தரம் பார்த்தாள். இந்த முறை முகம் சுளிக்கவில்லை.

பக்கத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்த தம்பி றோய் தலையைத் தூக்கினார். தபாற் கந்தோரில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அக்காளை மறுத்துப் பேசுவதுதான் இப்போது அவருக்கு உத்தியோகம். “முத்திரையோ மண்ணோ, அது ஓட்டை” என்றார். அவர் மறுத்ததாலேயே பீற்றிஸ் அந்தச் சட்டியை வாங்கினாள்.

அடுத்த கிழமை ஒழுங்கையில் பெண்கள் விலை கேட்பதற்கு முன்னால், “கண் இரிக்கா?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

பிறகு அந்தக் கண்ணுக்குக் குணங்களும் முளைத்தன. அதற்குள் தண்ணீர் ஊறி நிற்கும், சட்டியைச் சரித்து அதை ஊற்றிவிட்டால் மிச்சத் தயிர் கட்டியாகும் என்றாள் பீற்றிஸ். இரும்பு பட்ட தயிர் உடம்புக்கு உரம் என்று பிள்ளை பெற்ற வீடுகளில் சொன்னார்கள். இருமலுக்கும் ஆகாது என்பதில்லை என்றார்கள். ஒரு நாள் ஆமிக்காரன் கைமறதியாக ஒரே சட்டியில் இரண்டு குத்துக் குத்திவிட்டான். அந்தச் சட்டிக்காக இரண்டு மச்சாள்மார் மல்லுக்கட்டி, சண்டை கோயில் வரைக்கும் போனது. இன்னொரு நாள் நல்ல மழை. சென்றிக்காரன் குடிலை விட்டு வெளியே வரச் சோம்பல்பட்டு, கடைசிச் சட்டியைக் குத்தாமல் விட்டான். அது நாவற்குடாவையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கண்ணகையோடு உன்னிச்சைக்குத் திரும்பிப் போனது.

“பால் உன்ட, உழைப்பு என்ட, பேர் ஆமிட கம்பிக்கு” என்று புருசனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். வருசக் கணக்காகச் சிரித்தாள். ஒரு நாள் அந்தச் சிரிப்பு நின்றது.

இரண்டாயிரத்து இரண்டாம் வருசம், மாசி மாதம் போர்நிறுத்தம் வந்தது. பாலத்தடியில் மணல் மூட்டைகள் இருந்தன, ஆமிக்காரரும் இருந்தார்கள். கம்பியைத்தான் காணவில்லை. “போங்க, போங்க” என்று கையைக் காட்டினார்கள். கண்ணகைக்குச் சந்தோசம்தான். ஆடை கலையாத தயிரைப் பட்டினத்துக்குள் கொண்டுபோய் எத்தனை காலம்! கல்யாணப் பெண்ணைக் கூட்டிப் போவது போலக் கடகத்தைச் சுமந்துகொண்டு நாவற்குடாவுக்கு நடந்தாள்.

பீற்றிஸ் கடதாசியைத் தூக்கினாள். “எங்ககா கண்?”

“கண் மூடிற்று அக்கா. சமாதானமாம்.”

“சமாதானமெண்டா? சோதிக்காம விட்டிருவானா? இது எந்தத் தயிர்? உண்மையச் சொல்லு.”

“கலப்படம் இல்லாத எருமைத் தயிர். வாயில வெச்சுப் பாருங்க.”

பீற்றிஸ் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்தாள். வைக்கும்போதே தலை ஆடத் தொடங்கிவிட்டது. “இல்லகா. ஏதோ குறையுது. தண்ணிப் பதமா இரிக்கு. சந்திக்கடை இராசதுரை கண்ணோட நல்ல தயிர் வெச்சிரிக்கான், நேத்து வாங்கினன்.” பிறகு குரலைத் தாழ்த்தினாள். “செசீலியாட கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. பந்திக்கு உன்ட தயிரெண்டு உனக்கு வாக்குத் தந்தன்தான். ஊரே சாப்பிடும். சனிக்கிழமை கண்ணோட கொண்டு வா, எடுக்கிறன். இல்லாட்டி இராசதுரைட்டச் சொல்லிருவன்.”

செசீலியா றோயின் மகள். அந்தப் பந்தியில் நாவற்குடா முழுவதும் உட்காரும். அங்கே இராசதுரையின் தயிரைப் பரிமாறினால், திங்கட்கிழமை கண்ணகை எந்தக் கடப்படியில் போய் நிற்பது? ஒரு பந்தி போதும், இத்தனை வருசம் நடந்து சம்பாதித்த பேர் இலையோடு போய்விடும். இதைக் கண்ணகைக்கு யாரும் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. அன்றைக்கும் மறுநாளும் சட்டிகள் கனம் குறையாமல் வீட்டுக்குத் திரும்பின. எருமைக்குப் போர்நிறுத்தம் விளங்குமா? அது பாட்டுக்குக் கறந்தது.

அடுத்த நாள் பாலத்தடியில், “போங்க, போங்க” என்றபோது கண்ணகை போகவில்லை. சட்டியைத் திறந்து அங்கே நின்ற ஆமிப் பொடியனுக்கு முன்னால் நீட்டினாள்.

“மாத்தயா, ஒரு குத்துக் குத்துங்க.”

அவன் திகைத்துப் போனான். “ஏன் அம்மா? சாமான் இருக்கா உள்ளுக்கு?”

“சாமானும் இல்ல, ஒண்டும் இல்ல. தயிர்தான். முந்திக் குத்துவீங்களே, அதுபோல ஒண்டு. லேசா.”

“இப்ப குத்திறதுக்கு ஓடர் இல்ல. சமாதானம்.”

“சமாதானத்துக்கே ஒரு குத்துக் குத்தினா என்ன குறைஞ்சிரும்?”

அவன் பெரியவனைக் கூப்பிட்டான். பெரியவன் வந்து சட்டிக்குள் எட்டிப் பார்த்தான், கண்ணகையைப் பார்த்தான், சிங்களத்தில் ஏதோ சொன்னான். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குத்த மட்டும் மாட்டோம் என்றுவிட்டார்கள். பின்னால் வரிசையில் நின்றவர்கள், இவளுக்கு என்ன பிடித்துவிட்டதோ என்று விலகி நின்றார்கள். குத்த வேண்டாம் என்று கெஞ்சினவர்களைத்தான் அந்தப் பாலம் அதுவரைக்கும் கண்டிருந்தது.

“நீயே குத்தன்” என்றான் வீட்டில் இதைக் கேட்ட வினாயகமூர்த்தி. “கம்பியென்ன, ஆமிட சீதனமா?”

“என்ட தயிருக்கு நானே களவா ஓட்டை போடுறதோ?” என்று அவன் மேல் பாய்ந்தாள். ஆனால் சனிக்கிழமை புறப்படும்போது, பழைய குடையொன்றின் கம்பியை முறித்துச் சேலை மடிப்புக்குள் செருகிக்கொண்டாள்.

பாலத்தைத் தாண்டி, ஆளில்லாத இடத்தில் ஒரு புளியமரத்தடியில் கடகத்தை இறக்கினாள். முதல் சட்டியைத் திறந்தாள். நடுவில் ஒரே குத்து. குத்தி எடுத்துவிட்டுப் பார்த்தாள். ஆமி குத்தின கண்ணேதான்! இந்தக் கண் பாலத்தடியில் வரிசையில் நின்றதும் இல்லை, ஆமியின் துவக்கைக் கண்டதும் இல்லை. குடைக்கம்பியாலேயே அச்சொட்டாக வந்துவிட்டது. பிறகு வாய்விட்டே கேட்டாள்:

“இவ்வளவு லேசா வருமெண்டா, இராசதுரைக்குக் குத்திக் குடுக்கிறது ஆரு?”

கம்பியை வாவிக்குள் எறிந்தாள். குத்தின சட்டியை விற்க மனம் வரவில்லை. அந்த நிழலிலேயே உட்கார்ந்து முழுவதையும் தின்று தீர்த்தாள். முழுச் சட்டியுமா என்றால், பக்கத்தில் வந்து வாலாட்டின நாய்க்கும் ஏதோ மிஞ்சினதுதான். மிச்சச் சட்டிகளைக் கண் இல்லாமலேயே தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நாவற்குடாவுக்கு நடந்தாள். போன கிழமை நடந்த நடையா அது? இல்லை. கடப்படிக்காரிகள் பின்னால் ஓடிவந்த காலத்து நடை.

பீற்றிஸ் வீட்டில் கல்யாணச் சட்டைகளுக்குக் கடைசி அளவு பார்க்க வந்த பெண்கள் நிறைந்திருந்தார்கள். மேசையில் இராசதுரை மாதிரிக்கு அனுப்பின சட்டி, நடுவில் வடிவான கண்ணோடு.

“கொண்டு வந்தியாகா?” என்றாள் பீற்றிஸ்.

கண்ணகை கடகத்தை இறக்கினாளே தவிர ஒன்றையும் திறக்கவில்லை. மேசைச் சட்டியைக் குனிந்து பார்த்தாள்.

“நல்ல கண். இது எப்ப வந்த தயிர்?”

“இண்டைக்குக் காலமை.”

“எங்கால?”

“படுவான்கரையாலதான். இராசதுரை சொன்னான்.”

“ஆர் குத்தின?”

“இதென்ன கேள்வி? ஆமிதான்.”

“எந்த ஆமி?” கண்ணகை நிமிர்ந்தாள். “கம்பிய எடுத்து வெச்சு ஒரு கிழமையாப் போச்சு அக்கா. ஒரு குத்துக் குத்துங்க மாத்தயா எண்டு நானே சட்டிய நீட்டிக் கெஞ்சினன். ஓடர் இல்லயாம். எனக்குக் குத்தாதவன் இராசதுரைக்கு மட்டும் தேடிப் போய்க் குத்துறானோ? அவன் என்ன இராசதுரைட மருமகனா?”

ஊசி விழுந்தால் கேட்கும். தையல் வீட்டில் ஊசி விழாமலா? விழுந்தது, கேட்டது.

றோய் பத்திரிகையை மடித்தார். “நேத்து நானும் அக்கரைக்குப் போய் வந்தன். என்ட பையக்கூடத் திறக்கல்ல. கம்பியக் காணவே இல்ல.”

எல்லாரும் மேசைச் சட்டியின் கண்ணைப் பார்த்தார்கள். அதுவும் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அப்ப இப்ப கண் இரிந்தா…” என்று ஒருத்தி இழுத்தாள்.

“கண் இரிந்தா அது பட்டினத்துக்குள்ளேயே குத்தினது. கண் இல்லாததுதான் இப்ப அசல்” என்றாள் கண்ணகை.

“கண் இல்லாட்டித் தண்ணி எப்பிடிகா வடியும்?” என்று இன்னொருத்தி விடாமல் கேட்டாள்.

“அது சண்டைக்காலத்துத் தயிர், புள்ள. பயத்தில தண்ணி விட்டுது. இப்ப என்ன பயம்? தண்ணியே இல்ல.”

இதைக் கேட்டு றோய்க்குச் சிரிப்பில் மூச்சு அடைத்தது. பெண்கள் சிரிக்கவில்லை. நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். பீற்றிஸ் கண்ணகையின் சட்டி ஒன்றைத் தானே திறந்து, ஆடை கலையாத தயிரில் ஒரு கரண்டி எடுத்து நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். “ஓம்” என்றாள். “கட்டியாத்தான் இரிக்கு. நாளைக்கு எல்லாச் சட்டியும் நீயே கொண்டு வா.”

ஞாயிற்றுக்கிழமை பந்தியில் சோற்றுக்கு மேல் கண்ணகையின் தயிர் விழுந்தது. விழுந்த இடத்தில் அப்படியே நின்றது, கரையவில்லை, ஓடவில்லை. கண்ணகை பந்தலின் ஓரத்தில் நின்று, யார் இரண்டாம் தரம் கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காதவர் குறைவு. “ஆர்ர தயிர்?” என்று இலைக்கு இலை விசாரித்தார்கள்.

பீற்றிஸ் புதுச் சேலை சரசரக்கப் பந்தியின் நடுவில் நடந்து வந்து பதில் சொன்னாள்.

“எங்கட கண்ணகைட. இராசதுரையும் ஒரு சட்டி அனுப்பினான்தான். பால்மாத் தயிரெண்டு நான் முதல் வாயிலேயே கண்டுபிடிச்சிற்றன். என்ட நாக்க ஆரும் ஏமாத்த ஏலுமா?”

வாழைப்பழச் சீப்போடு பின்னால் வந்த றோய் ஒரு கணம் நின்றார்.

“ஒரு கிழமையா ரெண்டு நேரமும் அந்தப் பால்மாத் தயிரத்தான் அக்கா தின்ட. அமிர்தம் அமிர்தமெண்டு விரலால வழிச்சு வழிச்சு. சட்டி கழுவின எனக்குத் தெரியாதா?”