ஊரெல்லாம் விலாசம் கொடுத்த மனுஷன்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் ரிப்பேர் பண்றவர். வருஷம் பூரா மேலயும் கீழயும் போய்ட்டு வர்ற மனுஷனுக்கு வருஷத்துல பத்து நாள் மட்டும் நேரா நடக்கணுமாம். கூட ரெண்டு பேரு. ஒருத்தர் பேக்கரிக்காரர், இன்னொருத்தர் மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருக்கிறவர். மூணு பேரும் பள்ளிக்கூடத்துல ஒரே பெஞ்சு. ஆளுக்கொரு பையை முதுகுல மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. எங்க போறீங்கன்னு கேட்டா, "போய்ப் பார்த்துட்டு வந்து சொல்றேன்"னு பதில் வரும். ஐம்பதை எட்டப்போற ஆளுங்க பேசுற பேச்சா இது?

ஊர் சுத்துறது போகட்டும். என் உயிரை வாங்குறது இவர் சட்டைப்பையில இருக்கிற மவுத் ஆர்கன்தான். எந்த ஊர் பஸ் ஸ்டாண்டுல இறங்கினாலும் அதை எடுத்து ஊத ஆரம்பிச்சுடுவார். நல்லா ஊதுவாரான்னு கேக்காதீங்க. சுமார்தான். ஆனா அந்த ஊர்க்காரங்க யாராவது பக்கத்துல வந்து உட்கார்ந்து தொடையில தாளம் போடுவாங்க, இன்னொருத்தர் வீட்டுக்கு ஓடிப் போய் ஏதாவது வாத்தியத்தைத் தூக்கிட்டு வருவார். அவ்வளவுதான், போக வேண்டிய பஸ்ஸு போயே போச்சு. கிளம்புறப்போ எல்லார் கையிலயும் எங்க வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்துட்டு, "எங்க ஊர்ப் பக்கம் வந்தா நம்ம வீடுதான்"னு சொல்லிட்டு வருவார்.

எல்லாரும் பேச்சுக்குச் சொல்றதுதானே, யாரு வரப்போறாங்கன்னு நானும் சும்மா இருந்துட்டேன். வந்தாங்க. ஒருத்தர் பாக்கியில்லாம வந்தாங்க. புல்லாங்குழல் ஊதுற பஸ் கண்டக்டர் தன் மச்சானோட வந்தார். மலைக்கு அந்தப் பக்கத்துல இருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வந்து ஒரு வாரம் பாடினார். எங்க வீடு மொத்தமே ரெண்டு ரூம். விருந்தாளிக்கு ஒண்ணு, வாத்தியத்துக்கு ஒண்ணு. நானும் என் புத்தகமும் சமையல்கட்டுல.

என்ன புத்தகம்னு சொல்லிடறேன். நான் தபால் ஆபீசுல ஊர் வாரியா கடிதம் பிரிச்சுப் போடுறவ. அறுபது கட்டம் போட்ட மர அடுக்குக்கு முன்னால இருபத்தொரு வருஷமா நின்னுக்கிட்டே இருக்கேன். சாயங்காலம் ஆனா முட்டி ரெண்டும் வீங்கிடும். எங்க பிரிவுல உட்கார்ந்து வேலை பாக்குறது ஒரே ஆள், சூப்பர்வைசர். அவருக்கு ஒரு சுழல் நாற்காலி உண்டு. அந்த நாற்காலிக்கு ஒரு பரீட்சை. மூணு தடவைதான் எழுத விடுவாங்க. ரெண்டு தடவை கோட்டை விட்டுட்டேன். மிச்சம் ஒண்ணு. அதுவும் போச்சுன்னா ரிட்டயர் ஆகிற வரைக்கும் நின்னுக்கிட்டே சாக வேண்டியதுதான்.

ரெண்டாவது தடவை எழுதினப்போ நடந்ததைச் சொல்லணும். பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கையில வாசல்ல ஒரு கார்பெண்டர் வந்து நிக்கிறார். கைப்பிடியில வயசான அம்மா, தோள்ல டிரம். என் வீட்டுக்காரரும் கூட்டாளிங்களும் ஒரு படகுத்துறையில மூணு மணி நேரம் படகுக்குக் காத்திருந்தப்போ, இவர் ஊத அவர் கொட்டின சிநேகிதமாம். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், ஆஸ்பத்திரி எங்க தெருமுனையில. வேண்டாம்னு சொல்ல முடியுமா? சாயங்காலமானா அவர் கொட்ட, இவர் ஊத, கண்ணுல கட்டோட அந்தம்மா தலையாட்டி ரசிக்க, நான் காதுல விரலை விட்டுக்கிட்டு விதிமுறை மனப்பாடம் பண்ணேன். ஃபெயில்.

ரிசல்ட் வந்த அன்னைக்குன்னு பார்த்து அந்தக் கார்பெண்டர் தம்பி அம்மாவோட கண்ணைக் காட்ட மறுபடி வந்திருந்தார். எனக்கு எங்கிருந்துதான் வந்துச்சோ அவ்வளவு ஆத்திரம். "உங்க கொட்டுச் சத்தத்துலதான் தம்பி என் பொழைப்புல மண்ணு விழுந்துச்சு"ன்னு மூஞ்சிக்கு நேரா கேட்டுட்டேன். அவர் டிரம்மை எடுத்து உறையில போட்டார். அடுத்த பஸ்ஸுல அம்மாவைக் கூட்டிக்கிட்டுப் போய்ட்டார். என் வீட்டுக்காரர் ரெண்டு நாள் என்கூடப் பேசல.

இந்த வருஷம் பரீட்சை எந்த ஊர்லங்கிறீங்க? அதே கார்பெண்டர் ஊர்ல! எங்கிருந்தெல்லாமோ ஜனம் எழுத வருது, ஒரு லாட்ஜுலயும் இடமில்ல.

"தம்பிக்கு ஃபோன் பண்ணிட்டேன். வரச் சொல்லிட்டார்"னார் இவர்.

"யாரைக் கேட்டுங்க ஃபோன் பண்ணீங்க? நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போவேன்?"

"இருக்கிற மூஞ்சியோட வாம்மா. அவர் ஒண்ணும் நினைக்க மாட்டார்."

பரீட்சைக்கு முதல் நாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். முன்னால பட்டறை, பின்னால வீடு. பட்டறை பூட்டிக் கிடந்துச்சு. தம்பி உதட்டுல விரலை வெச்சபடியே எங்களை உள்ள கூட்டிட்டுப் போனார். அவர் பொண்டாட்டி பாத்திரத்தைப் பூப் போல கீழ வைக்குது. ரெண்டு பொண்ணுங்க குதிகால் படாம நடக்குதுங்க. அந்த வயசான அம்மா இருமல் வந்தா தலையணையில முகத்தைப் புதைச்சுக்கிட்டு இருமுது. சுவர்க் கடிகாரத்துல பேட்டரியைக் கழட்டி வெச்சிருந்தாங்க. அலமாரி மேல டிரம், போர்வையால சுத்திக் கயித்தால கட்டி. இவரைத் திரும்பிப் பார்த்தா, இவர் சட்டைப்பையும் காலி. கல்யாணம் ஆன நாள்ல இருந்து முதல் தடவையா மவுத் ஆர்கனை வீட்டுலயே வெச்சுட்டு வந்திருக்கார்.

தனி ரூம், மேசை, விளக்கு. புத்தகத்தைத் திறந்தேன். எட்டாம் பாடம், சேதமான பார்சலுக்கு முப்பத்திரெண்டு விதி. முதல் விதி என்ன? தெரியல. ரெண்டாவது? அதுவும் தெரியல. எல்லாம் வீட்டுல தலைகீழா ஒப்பிச்சதுதான். திரும்பப் படிச்சேன், ஒரு எழுத்து மண்டையில ஏறல. அந்த அமைதியில என் நெஞ்சு அடிக்கிறது எனக்கே கேக்குது. ஒரு மணி நேரம் அப்படியே போனப்புறம்தான் உறைச்சுது. கண்டக்டர் புல்லாங்குழலுக்கும் வாத்தியார் பாட்டுக்கும் இந்த மனுஷனோட ஊதலுக்கும் நடுவுலயே படிச்சுப் படிச்சு, எனக்குச் சத்தம் இல்லாம படிக்கவே வராம போச்சு! அடப்பாவி மனுஷான்னு வாயை விட்டே சொல்லிட்டேன்.

வெளிய வந்தேன். கூடத்துல ஆறு பேரும் சாமி படத்துக்கு முன்னால உட்கார்ந்த மாதிரி கை கட்டி உட்கார்ந்திருக்காங்க.

"தம்பி, அந்த டிரம்மை எடுங்க."

அவர் பதறிப் போய்ட்டார். "வேண்டாங்கக்கா. போன தடவை மாதிரி ஆயிடும்."

"எடுங்கன்னா எடுங்க. எனக்கு ஒண்ணுமே ஞாபகம் வர மாட்டேங்குது."

"என்னால முடியாதுக்கா. அன்னைக்கு நீங்க சொன்னதுல இருந்து நான் யார் வீட்டுலயும் கொட்டுறதில்ல. பட்டறையிலகூட எடுக்கிறதில்ல. ஒருத்தர் பொழைப்பைக் கெடுத்த கைன்னு தோணும்."

எனக்குச் செருப்பால அடிச்ச மாதிரி இருந்துச்சு. ஒரு வருஷமா இவர் இதைச் சுமந்துக்கிட்டு இருந்திருக்கார். நான் கடிதம் பிரிச்சுக்கிட்டும் முட்டியைத் தேய்ச்சுக்கிட்டும் நிம்மதியா இருந்திருக்கேன். அதுக்கு மேல மறைக்க முடியல.

"தம்பி, நான் ஃபெயிலானது உங்களால இல்ல. எட்டாம் பாடம் அலுப்பா இருந்துச்சு, நான் அதைத் தொடவே இல்ல. அதுல இருந்தே ரெண்டு பெரிய கேள்வி வந்துடுச்சு. அவமானத்துல உங்க மேல பழியைப் போட்டுட்டேன். இது இவருக்கும் தெரியாது."

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில அந்த அம்மாதான் வாயைத் திறந்துச்சு: "டேய், ஏணியைக் கொண்டாடா."

தம்பி ஏணியில ஏறி டிரம்மை இறக்கிக் கயித்தை அவிழ்த்தார். முதல்ல மெதுவா ரெண்டு விரலால தட்டினார். அப்புறம் முழுக் கையும் விழுந்துச்சு. இவருக்கு ஊத எதுவும் இல்லாததால உதட்டைக் குவிச்சு விசிலடிச்சார், கண்றாவியா இருந்துச்சு. நான் கதவைத் திறந்தே வெச்சுக்கிட்டு உட்கார்ந்தேன். முப்பத்திரெண்டு விதியும் வரிசையா வந்து நின்னுச்சு.

மறுநாள் பரீட்சை ஹால்ல, மேசையைத் தட்டாதீங்கன்னு ரெண்டு தடவை என்னை எச்சரிச்சாங்க.

போன மாசம் நாற்காலி வந்துடுச்சு. சுத்தும்போது கீச்சுங்குது, இருந்தாலும் இறங்க மனசு வரல. அதுல உட்கார்ந்து நான் எழுதின முதல் கடிதம் அந்தத் தம்பிக்குத்தான். நானே பிரிச்சு, நானே அந்த ஊர்க் கட்டத்துல போட்டேன்.

"தம்பி, பாஸ் பண்ணிட்டேன். அம்மாவுக்குக் கண் காட்டுற நாள் வருதுன்னு இவர் சொன்னார். எங்க ஊருக்கு வந்தா நம்ம வீடுதான். டிரம் இல்லாம வந்தீங்கன்னா கதவைத் திறக்க மாட்டேன்."