லூர்து அக்காவின் ஒட்டு முள்

சனிக்கிழமை காலை லூர்து அக்காவின் மகள் ஜெனி அழைத்தபோது நான் மஞ்சள் ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தேன். இடது கையுறையில் சுண்டுவிரல் உறை கிடையாது. அந்த ஓட்டை வழியே நீட்டிக்கொண்டிருந்த விரலால்தான் போனைத் தொட்டேன். "சித்தி, அம்மா எழுந்துக்கல" என்றாள். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவர் சொன்னாராம். செலியமேட்டு வீட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது கதவுக்குப் பின்னால் தூண்டில் கோல் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அக்கா புது நரம்பு சுற்றித் தயாராக வைத்திருந்தாள்.

என் கையுறையில் ஏன் ஒரு விரல் இல்லை என்பது பாகூர் ஏரிக்கரையில் ஞாயிறுதோறும் நிற்பவர்களுக்குத் தெரியும். அலுவலக நண்பர்களுக்கு அக்காவை வேறு விதமாகத் தெரியும். நம் பாசனப் பிரிவின் வொர்க் இன்ஸ்பெக்டர் லூர்துமேரி, மழைக்காலத்தில் ஸ்கூட்டியில் ஒவ்வொரு ஏரியாகப் போய் நீர்மட்டம் குறித்து வருபவர், பதிவேட்டைத் தாமதமாகத் தந்தால் பொறியாளரையே கேள்வி கேட்பவர். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அதே அலுவலகத்தில் வரைபடம் வரைபவள். கரையின் உயரம், மதகின் அகலம், குறுக்குவெட்டு என்று பாகூர் ஏரியை எத்தனை முறை வரைந்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு நாள் அக்கா என் மேசை முன் வந்து நின்று, விரித்து வைத்திருந்த தாளைப் பார்த்தாள்.

"இன்னாடி கலா, இத்தினி வருஷமா ஏரிய வரையிற. ஒரு நாளாவது அதுல கால நனச்சிருக்கியா?"

"எதுக்குக்கா? அளவு நீங்க கொண்டாந்து குடுக்கறீங்களே."

"அளவு மட்டுந்தான் குடுத்தேன். ஏரிய எங்க குடுத்தேன்? ஞாயித்துக்கிழமை வா."

நான் எதையும் எட்ட நின்று பார்த்தே பழகியவள். போகக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். கரையில் அவள் தூண்டில் வீசுவதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. அலுவலகத்தில் முழங்கால் வலி என்று நாற்காலி தேடுபவள், அங்கே கல்யாண வீட்டில் பன்னீர் தெளிப்பவளைப் போல மணிக்கட்டை மட்டும் சுழற்றினாள். நரம்பு சத்தமில்லாமல் முப்பதடி போய் விழுந்தது.

புழுவோ தவளையோ கோத்து வீசும் தூண்டில் அல்ல அது. ஜெனி இணையத்தில் வாங்கிக் கொடுத்த ஸ்பின்னர்பெய்ட். திறந்த ஊக்கு மாதிரி ஒரு கம்பி; அதன் மேல் முனையில் சுழலும் சிறிய தகடு; கீழ் முனையில் ஈயத் தலை, ஒரு முள், முள்ளை மறைத்துத் தொங்கும் ரப்பர் இழைகள். இழுக்கும்போது தகடு மின்னும், இழைகள் விரிந்து சுருங்கும். மீனுக்கு அது ஓடும் மீன்குஞ்சாகத் தெரியும். அமெரிக்காவில் பாஸ் என்ற மீனுக்காகச் செய்தது என்று உறையில் படம் போட்டிருந்தது. நம் ஏரியில் அந்த மீன் இல்லையே என்றேன். "அந்த ஊரு மீனுக்குப் பசிச்சா நம்மூரு வெராலுக்குப் பசிக்காதா?" என்றாள்.

பசித்தது. ஆனால் நம் விரால் உடம்பைக் கடிக்கவில்லை, வாலைக் கடித்தது. வால் என்பது அக்கா சேர்த்தது. முள்ளின் பின்னால் ஒரு ரப்பர் வால் கோத்தால் அசைவு அழகாக இருக்கும், தூண்டில் மெதுவாக மிதந்து வரும் என்று அவள் ஒரு வீடியோவில் பார்த்திருந்தாள். கடையில் விற்கும் வால் அவளுக்குப் பிடிக்கவில்லை. பாத்திரம் விளக்கும் கையுறையில் ஒரு விரலை வெட்டி, அதை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து முள்ளில் கோத்தாள். தண்ணீரில் அது நெளிந்த நெளிவைப் பார்த்தால் எனக்கே கடிக்கத் தோன்றும். அவள் கணவர் சவரி அண்ணன் மாதம் ஒரு முறை புலம்புவார்: "எங்க வூட்ல அஞ்சு வெரலோட ஒரு கையுறை காட்டு பாப்போம்." அவர் வீட்டுக் கையுறைகள் தீர்ந்தபோது என்னுடையதற்கு வந்தாள். அப்படிப் போனதுதான் என் சுண்டுவிரல் உறை.

விரால் வந்து அந்த வாலின் நுனியைக் கவ்வி இழுத்துவிட்டுப் போய்விடும். முள்ளோ ஒரு விரற்கடை முன்னால் இருக்கும். கரையில் நின்றவர்கள் எல்லோரும் ஒரே யோசனைதான் சொன்னார்கள்: வாலை வெட்டிக் குட்டையாக்கு. அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. "அது வாலப் பாத்துத்தானே வருது? அதப் போயி வெட்டுவனா? அது வாய் எங்க வருதோ அங்க நாம முள்ளக் கொண்டு போவணும்." இந்த வாக்கியத்தை அவள் அலுவலகத்திலும் பயன்படுத்துவாள், வேறு வார்த்தைகளில். கடைமடை விவசாயி மனு கொடுக்க வரவில்லையென்றால் மனுப் படிவத்தை எடுத்துக்கொண்டு அவர் வயலுக்கே போவாள்.

அவள் கண்ட வழி, முதல் முள்ளின் வளைவில் இன்னொரு முள்ளைக் கோத்து, வாலோடு வாலாகப் பின்னால் நீட்டி விடுவது. அதற்கு அவள் வைத்த பெயர் ஒட்டு முள். ஆனால் ஒட்டு முள் கழன்று விழுந்துவிடும். அதற்கு அவள் கண்டுபிடித்த பூட்டு, சைக்கிள் வால்வு டியூப். ஒட்டு முள்ளின் காதில் அந்த டியூபின் ஒரு துண்டை இறுக்கமாகப் போர்த்தி, அதன் வழியாக முதல் முள்ளைக் குத்தி இறக்கினால் போதும், எந்த விராலாலும் பிடுங்க முடியாது. சைக்கிள் கடைக்காரர், "பொண்ணு சைக்கிளாம்மா?" என்று கேட்டதற்கு, "இல்லிங்க, வெராலு சைக்கிளு" என்று சொல்லிவிட்டு வந்தாளாம்.

ஒரு முறை அந்த வேலையை என்னிடம் கொடுத்தாள். பதினைந்து வருடமாகச் சமச்சீராக வரைந்து பழகிய கை. முதல் முள்ளின் கூர் மேலே பார்த்திருந்தது. அழகாக இருக்கட்டும் என்று ஒட்டு முள்ளின் கூரைக் கீழே பார்க்க வைத்தேன். அவள் வீசி இழுத்தாள். கோல் வளைந்தது. "மாட்டிக்கிச்சுடி!" என்று கூவினாள். கரையே எழுந்து நின்றது. இழுத்து இழுத்து மேலே கொண்டுவந்தால் ஒரு கூடை கொள்ளும் பாசி, வேரும் சேறுமாக. ஒட்டு முள்ளின் கூரும் மேலே பார்த்தால்தான் பாசிக்குள் வழுக்கிக்கொண்டு வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அக்கா அந்தப் பாசியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தூர் வார டெண்டர் எப்பம்மா எடுத்த? ஆபீஸ்ல எங்கிட்ட சொல்லவே இல்ல?"

அன்று நான் சிரித்தது போல அதற்கு முன் எப்போது சிரித்தேன் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை.

இனி கல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். பழைய மதகின் மேல் ஒரு பெரிய தட்டைக் கல் இருக்கிறது. கரையில் மற்ற இடமெல்லாம் சரிவு, சேறு, கருவேல முள். ஒரு வெள்ளத்தின்போது உடைப்பைப் பார்க்கப் போய் வழுக்கி விழுந்ததிலிருந்து அக்காவின் வலது முழங்கால் சரிவில் நிற்காது. அந்தச் சமமான கல்லில் மட்டும்தான் அவளால் அரை மணிக்கு மேல் நிற்க முடியும். ஆனால் ஞாயிறு விடிவதற்குள் குமரவேலும் அவன் கூட்டாளிகளும் கல் மேல் பையை வைத்து இடம் பிடித்திருப்பார்கள். குமரவேல் பாகூரில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவன். நல்லவன். முழங்கால் விஷயத்தைச் சொன்னால் உடனே கல்லைக் கொடுத்துவிடுவான். சொல்லலாமே என்றேன்.

"வேணாம்டி. கேட்டு வாங்குனா அது இரக்கம். ஜெயிச்சு வாங்குனாதான் எடம்."

மதகுக்குள் ஒரு பெரிய விரால் இருந்தது. எல்லோருடைய தூண்டிலையும் தேடி வரும், வாலைத் தொட்டுப் பார்க்கும், முறுக்கிக்கொண்டு திரும்பிவிடும். கரையில் அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர். ஐப்பசி முடிவதற்குள் மாப்பிள்ளையைப் பிடித்துத் தராசில் தொங்கவிடுகிறேன், பிடித்துவிட்டால் இனி ஞாயிற்றுக்கிழமைகளில் கல் எனக்கு என்று அக்கா அறிவித்தாள்.

"தோத்துட்டா?" என்றான் குமரவேல்.

"உங்க அத்தினி பேருக்கும் வெராலு கொழம்பு, எங்க வூட்ல."

"அப்ப இப்பவே பசிக்குதுக்கா."

நான்கு ஞாயிறு போயிற்று. சரிவில் நின்று வீசிவிட்டு, திங்கட்கிழமை காலை அலுவலகப் படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஏறுவாள். கடைசி ஞாயிறு லேசாகத் தூறிக்கொண்டிருந்தது. "ஒரு மணி நேரம் நின்னு வீசுக்கா, பந்தயம்னா சமமா இருக்கணும்" என்று குமரவேலே கல்லை விட்டுக் கொடுத்தான். வால்வு டியூபை நான்தான் போட்டேன். இரண்டு கூரும் மேலே பார்க்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன்.

ஏழாவதோ எட்டாவதோ வீச்சில் தண்ணீர் வெடித்தது. இந்த முறை பாசி இல்லை. அக்கா நுனி நாக்கைக் கடித்துக்கொண்டு சுற்றினாள். மீன் மதகுச் சுவருக்குள் புகப் பார்த்தது, கோலைச் சாய்த்துத் திருப்பினாள். ஐந்து நிமிடத்தில் மாப்பிள்ளை கல்லோரம் வந்துவிட்டார், முழங்கை நீளத்துக்கு, கருகருவென்று. குமரவேல் குனிந்து பார்த்தான்.

"அக்கா, மெயின் முள்ளுல ஒண்ணுமே இல்ல. ஒட்டு முள்ளுலதான் மாட்டிருக்குது. இது கணக்குல வராது."

"ஏன்டா வராது? எம் முள்ளுதானே? ஒங்க மாமியா வூட்டு முள்ளா?"

"தூண்டிலுக்கு ஒரு முள்ளுதான் முள்ளு. இது எக்ஸ்ட்ரா."

"கடிச்சது மீனு. அதுக்குத் தெரியாத ரூல்ஸ் உனக்குத் தெரியுமோ?"

இந்தச் சண்டை நடக்கும்போதுதான் நான் தண்ணீரைப் பார்த்தேன். கல்லின் நிழலில் செம்மண்ணைக் கரைத்துவிட்டதுபோல் ஒரு சிவப்புத் திட்டு மேலே எழுந்து கொதித்தது. விரால் குஞ்சுகள், நூற்றுக்கணக்கில். தாயோ தகப்பனோ காவலுக்கு இல்லையென்றால் மற்ற மீன்கள் ஒரு வேளையில் தின்று தீர்த்துவிடும். "அக்கா, அங்க பாருங்க" என்றேன்.

பார்த்தாள். தராசு குமரவேலின் பையில் இருந்தது, மூன்றடி தூரம். மீனைத் தொங்கவிட்டிருந்தால் கல் அவளுடையது. அவள் முழங்காலை மடக்க முடியாமல் கல்லின் மேல் அப்படியே உட்கார்ந்தாள். ஒட்டு முள்ளைப் பக்குவமாகத் திருப்பிக் கழற்றி, மீனைக் குஞ்சுகள் இருந்த பக்கமாகத் தண்ணீரில் விட்டாள். அது ஒரு கணம் நின்றது, பிறகு போயிற்று. சிவப்புத் திட்டும் அதன் பின்னாலேயே நகர்ந்தது.

"புள்ளக்குட்டிக்காரங்கடா" என்று சொல்லிவிட்டுச் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டாள். "வாங்க, கொழம்புக்கு நாள் குறிப்போம்."

புதன்கிழமை கடையில் விரால் வாங்கிக் குழம்பு வைத்தாள். ஆறு பேர் வந்து சாப்பிட்டார்கள். மாங்காய் போட்டிருந்தாள். குமரவேல் நான்கு முறை சோறு வாங்கினான்.

அடுத்த ஞாயிறு நாங்கள் போனபோது கல்லில் பை இல்லை. எல்லோரும் சரிவில் வரிசையாக நின்று, எங்களைப் பார்க்காத மாதிரி வீசிக்கொண்டிருந்தார்கள். அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது.

"இன்னாடா இது, இரக்கமா?"

குமரவேல் திரும்பாமலே சொன்னான்: "இரக்கமெல்லாம் இல்லக்கா. கொழம்பு நல்லா இருந்துச்சு."

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு கல் மேல் ஏறி நின்றாள். சமைத்து ஜெயித்ததும் ஜெயித்ததுதானே என்று அன்று மாலை என்னிடம் சொன்னாள். ஆனால் அந்த மீன் கணக்கில் வருமா வராதா என்ற சண்டை மட்டும் தீரவேயில்லை. ஆறு வருடம், ஞாயிறுதோறும், முதல் வீச்சுக்கு முன் ஒரு முறை கடவுள் வாழ்த்து மாதிரி நடக்கும். "வராது" என்பான் அவன். "வரும்டா" என்பாள் இவள். அதன் பிறகுதான் தூண்டில் தண்ணீரைத் தொடும். அவர்கள் குரலைக் கேட்டுக்கொண்டு நான் வால்வு டியூப் நறுக்குவேன். என் வாழ்வில் நான் எட்ட நின்று பார்க்காத ஒரே இடம் அந்தக் கல்தான்.

செலியமேட்டுக் கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது குமரவேல் என் பக்கத்தில் நடந்து வந்தான். கண் வீங்கியிருந்தது. மெதுவாகச் சொன்னான்:

"மேடம், அன்னிக்கு ஒட்டு முள்ளுல மாட்டுனது கணக்குதான். சும்மா வம்புக்குத்தான் வராதுன்னு சொல்லினு இருந்தேன். அக்காவாண்ட சொல்லாமலே வுட்டுட்டேன்."

அக்கா இருந்திருந்தால் இந்த ஒப்புதலை வாங்கியிருப்பாளா என்று நினைத்துப் பார்த்தேன். சிரிப்புதான் வந்தது.

"வேணாம் குமரவேலு. இப்ப ஒத்துக்கினா அது இரக்கம். அக்காவுக்குப் பிடிக்காது."

அவன் நின்று என்னைப் பார்த்தான். மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

ஜெனி எனக்கு ஒரு மிட்டாய் டப்பா கொடுத்தாள். உள்ளே நறுக்கிய வால்வு டியூப் துண்டுகள், நான்கு ஒட்டு முள், என் கையுறையின் சுண்டுவிரல், இன்னும் பிளக்கப்படாமல். அதை நான் வைத்துக்கொண்டேன். புதுக் கையுறை வாங்கவில்லை. பாத்திரம் விளக்கும்போது ஓட்டை வழியே தண்ணீர் உள்ளே போகிறது, போகட்டும். ஆனால் அக்காவிடமிருந்து நான் உண்மையில் வைத்துக்கொண்டது இவை அல்ல.

போன ஞாயிறு விடிந்ததும், ஜெனியிடம் வாங்கி வைத்திருந்த அக்காவின் கோலையும் டப்பாவையும் எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனேன். கல்லில் பை இல்லை. ஏறி நின்றேன். டியூபைக் கோத்து, இரண்டு கூரும் மேலே பார்க்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன். சரிவிலிருந்து குமரவேல் குரல் கொடுத்தான்.

"மேடம், ஒட்டு முள்ளுல மாட்டுனா கணக்குல வராது. முன்னாடியே சொல்லிட்டேன்."

"வரும்டா" என்று சொல்லிவிட்டு வீசினேன்.