தலையிலிருந்து வரும் உத்தரவு

"...அந்த வாயில்லாச் சீவன்ட கண்ண நெரிச்ச பாவந்தான் ராத்தா, என்ட வயித்த அடைச்சிட்டு. மாமி சொல்றது சரிதான். நான் இனி வேலைக்கு வரல்ல."

நஸீரா இதைச் சொன்னபோது அவள் கையில் ஒரு தாய் இறால் ஈரத் துணிக்குள் துள்ளிக்கொண்டிருந்தது. கற்பிட்டிப் பக்கத்தில் ஓர் இறால் குஞ்சு பொரிப்பகம். நாங்கள் ஹெச்சரி என்போம். தாய் இறால் பிரிவுக்கு நான் பொறுப்பு; அங்குள்ள பிள்ளைகளுக்கு நான் ராத்தா, மூத்த அக்கா. கனமூலையிலிருந்து வந்த நஸீராவைப் போல் கை நடுங்காத ஆள் எனக்கு வாய்த்ததில்லை. கலியாணமான அந்தப் பிள்ளைக்கு மாதக்கணக்கில் மாதவிடாய் இல்லை. கர்ப்பமும் இல்லை. மாமியார் வேலையின்மேல் பழியைப் போட்டு, மகனுக்கு வேறு பெண் பார்க்கும் கதையையும் எடுக்கத் தொடங்கியிருந்தார்.

அவர் சொன்ன பாவம் இதுதான். தொட்டியில் அடைபட்ட தாய் இறால் இலேசில் முட்டை வைக்காது. அதன் கண்தண்டுக்குள் இருந்து வரும் ஒரு ஹோர்மோன் சூலகத்தைத் தடுத்து வைக்கும். ஒரு பக்கத்துக் கண்தண்டைச் சூடான இடுக்கியால் நெரித்துவிட்டால் தடை தளரும். சில நாளில் டோர்ச் அடித்துப் பார்த்தால் முதுகோடு சூலகம் பச்சைக் கோடாகத் தடித்திருக்கும். நான் சேர்ந்த முதல் நாளே எங்கள் மேலாளர் சேர், "எஞ்சின் வயித்துல, பிரேக் கண்ணுல" என்றார். ஆட்களின் பேச்சைப் பொறுக்கி வைப்பது என் பழக்கம். அதையும் பொறுக்கி வைத்தேன். பிறகு மகளின் விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்து, நம் உடம்பின் பாடத்தை நானாகவே படித்தேன்.

நஸீராவைக் கதிரையில் இருத்தி அதைத்தான் சொன்னேன். நமக்கும் உத்தரவு தலையிலிருந்துதான் வருகிறது. மூளைக்கு அடியிலுள்ள சுரப்பி ஹோர்மோன் அனுப்ப, சூலகத்தில் முட்டை வளரும். சூலகம் தன் ஹோர்மோனால் கருப்பைக்குள் மெத்தை விரிக்கும். முட்டை வெளியேறிய பிறகு இன்னொரு ஹோர்மோன் அந்த மெத்தையைத் தாங்கிப் பிடிக்கும். கரு தங்காவிட்டால் அந்த ஹோர்மோன் குறைந்துவிடும். மெத்தை கலைந்து இரத்தமாகப் போகும். மேலே உத்தரவு தடைப்பட்டால் கீழே ஒன்றும் நடக்காது.

உடம்பில் வேறு மாற்றம் ஏதும் உண்டா என்று கேட்டேன். முக்காட்டை நெஞ்சுவரை இழுத்துவிட்டாள்.

"பிள்ளையே இல்ல, பால் மட்டும் கசியுது ராத்தா. யாருட்டயும் சொல்லல்ல."

பால் சுரக்க வைக்கும் ஹோர்மோனும் அதே சுரப்பியில்தான். அது கூடினால் மாதவிடாய் நிற்கலாம். பாலூட்டும் தாய்மாருக்குப் பல மாதம் வராமல் இருப்பதும் அதனால்தான். என்ன வருத்தம் என்று சொல்ல நான் டொக்டர் இல்லை. இந்த ஒரு விசயத்தை ஒளிக்காமல் டொக்டரிடம் சொல்லச் சொல்லி, நானே கூட்டிப் போனேன். இரத்தப் பரிசோதனையில் அந்த ஹோர்மோன் கூடியிருந்தது. தலையை ஸ்கேன் பண்ணிப் பார்த்து, விழுங்கக் குளிசை கொடுத்தார்கள். டொக்டர் மாமியாரையும் கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார். மாமியார் வெளியே வந்து என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "அப்ப இறால்ல பிழையில்லயா?"

நான் பொரிக்க வைத்த குஞ்சுகளுக்குக் கணக்கில்லை. ஆனாலும் நஸீராவை வாய் திறக்க வைத்ததைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். உங்களுக்குக் கீழே வேலை செய்யும் பிள்ளை கூச்சப்படுகிறாள் என்றால், முதலில் நீங்கள் உங்கள் கூச்சத்தை விடுங்கள்.

நஸீரா தொடர்ந்து வேலைக்கு வந்தாள். இடுக்கியை மட்டும் தொடவில்லை. ஒருநாள் லுஹர் நேரம், தொழப் போகலாம் என்று கூப்பிட்டேன்.

"நீங்க போங்க ராத்தா. எனக்கு இண்டைக்குத் தொழுகை இல்ல."

மாதவிடாய் வந்தால் எங்கள் பெண்கள் இப்படித்தான் சொல்வார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். நஸீரா இடுக்கியைச் சூடேற்றி வைத்துவிட்டு, தொட்டிக்குள் கைவிட்டு ஒரு தாய் இறாலைப் பிடித்தாள்.